அயித்தை கொடுத்த பால்

கைக்குழந்தையாக இருந்தபோது நான் இரண்டு மாதம் அயித்தை வீட்டில் வளர்ந்தேன். அயித்தை என்றால் என் அப்பாவின் அக்கா. காளையார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் இருந்தது காரைக்குடியில். எனக்கு மூன்று மாதம் நிரம்புவதற்குள் அம்மாவுக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்துவிட்டாள். தூக்கிவைத்துப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்குத் தாயும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அப்பா மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டினால் சோறு இல்லை. பிள்ளையைத் தாயிடமிருந்து கொஞ்ச நாள் பிரித்து வையுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அயித்தை பஸ் ஏறி வந்து, என்னை ஒரு பழைய வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

இதெல்லாம் எனக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. ஆனால் கண்ணால் பார்த்தது போலத்தான் தெரியும். காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு என்று சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அயித்தை அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். "எலிக்குஞ்சு மாதிரி வாங்கிட்டுப் போனேன். எங்க செவலப்பசு பாலு அம்புட்டும் இவளுக்குத்தான். பாதிக்குப் பாதி தண்ணி விட்டுக் காச்சி, சங்குல ஊத்தி ஊத்திப் புகட்டுவேன். ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டாந்து குடுக்கையில இவ ஆத்தாளுக்கே அடையாளந் தெரியல." சொல்லிவிட்டு என் கன்னத்தைப் பிடித்து இழுப்பாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "மதினி இல்லைன்னா எம்புள்ள எனக்கு இல்ல" என்பாள். அந்தப் பேச்சில் ஒரு துளி பொய் கிடையாது. அம்மா அப்போது அப்படித்தான் நினைத்தாள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு உடம்புக்கு வந்தது. முதலில் தண்ணீர்த் தாகம். பள்ளிக்கூடத்துக் குழாயடியிலேயே நின்றுகொண்டிருப்பேன். வகுப்பில் அடிக்கடி எழுந்து, "டீச்சர், ஒண்ணுக்கு" என்று கையைத் தூக்க, மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். எப்போதோ விட்டுப்போன பழக்கம் திரும்பி, பாயையும் நனைக்க ஆரம்பித்தேன். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. வெயில் சூடு என்றாள் அம்மா. நீர்க்கடுப்பு என்று பக்கத்துத் தெரு டாக்டர் மருந்து கொடுத்தார். பிறகு ஒருநாள் காலையில் வாந்தி நிற்கவே இல்லை. ஓடி வந்தவள் மாதிரி எனக்கு மூச்சு வாங்கியது. என் வாயில் ஏதோ பழம் அழுகின வாடை அடிப்பதாக அப்பா சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு வாடகைக் காரின் பின் சீட்டும், ஜன்னலுக்கு வெளியே திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டும் மங்கலாக நினைவிருக்கின்றன. கண்ணைத் திறந்தபோது மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

சர்க்கரை வியாதி என்றார்கள். அப்பா நம்பவில்லை. "எங்க சித்தப்பாவுக்கு இருக்கு சார், அவருக்கு அறுபது வயசு. இது பச்சப்புள்ள" என்று டாக்டரிடம் வாதாடினார். அந்த டாக்டர் பொறுமைசாலி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னார். இது அந்தச் சர்க்கரை இல்லை, இது வேறு வகை. வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் சொந்தக் கணையத்தையே அடித்துவிடுகிறது. அதனால் இன்சுலின் சுரப்பு நின்றுபோகிறது. இனி ஆயுசுக்கும் ஊசிதான். மிட்டாய் தின்றதால் வந்தது இல்லை, யாரும் பிள்ளையைத் திட்ட வேண்டாம் என்றார்.

"அப்ப எதனால வந்துச்சு டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"முழுசா யாருக்கும் தெரியாதும்மா. பிறக்கும்போதே உடம்புல அதுக்கு ஒரு வாகு இருக்கணும். அதுக்கு மேல ஏதோ ஒண்ணு தூண்டிவிடுது. ஒரு கிருமிக் காய்ச்சலா இருக்கலாம். ரொம்பச் சின்ன வயசுல பசும்பால் குடுத்தா வருமோன்னு வெளிநாட்டுல ஒரு சந்தேகம் இருக்கு, பார்த்துக்கிட்டிருக்காங்க. நிரூபணம் ஒண்ணும் ஆகல."

அவர் இத்தனையும் சொன்னார் என்று அப்பா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். அம்மா காதில் ஏறியது நடுவில் இருந்த அந்த ஒரு வார்த்தை மட்டும்தான்.

மறுநாள் அயித்தை வந்தாள். கையில் எங்களுக்கு மாற்றுத்துணி, ஒரு தூக்குவாளியில் கஞ்சி. என்னைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணமாகப் பேசுவதுபோல, "மதினி, இவளுக்கு எத்தனாவது மாசத்துல பால் குடுக்க ஆரம்பிச்சீக?" என்றாள்.

அயித்தைக்கு என்ன தெரியும்? அழுத கண்ணோடு அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மூணு மாசம் எங்க நெறஞ்சுச்சு? அதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன். அன்னன்னைக்குக் கறந்த பாலுல்ல? ஒரு சொட்டு சிந்த மாட்டா, கையும் காலும் ஆட்டிக்கிட்டு அப்பிடிக் குடிப்பா" என்று எப்போதும் சொல்கிற கதையை ஆரம்பித்தாள்.

"அதான்" என்றாள் அம்மா. "அதான் எம்புள்ள இப்பிடிக் கெடக்கு."

அயித்தைக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "சும்மா இரு" என்று அம்மாவை அதட்டினார். அம்மா சும்மா இருக்கவில்லை. டாக்டர் சொன்னதாக, தான் கேட்டபடி அவள் சொல்லி முடித்தபோது அயித்தை எழுந்து நின்றுவிட்டிருந்தாள். கையில் வைத்திருந்த தூக்குவாளி மூடியைத் திரும்பத் திரும்ப முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் பால் வாங்குவது நின்றது. எனக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். தயிர், மோர், நெய் எதுவும் கிடையாது. யார் வந்தாலும் கடுங்காப்பிதான். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு குடிப்பார்கள். டாக்டர் எனக்குப் பால் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. அளவோடு குடிக்கலாம் என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது. அம்மா கேட்பதாக இல்லை. இன்சுலினுக்காகவே கடன்பட்டு வாங்கிய குளிர்சாதனப் பெட்டியில் மருந்துக் குப்பிகளும் வெள்ளரிக்காயும் மட்டும் இருக்கும். ஊசி போடுவதைக் கற்றுக்கொள்ள அம்மா பட்டபாடு கொஞ்சமில்லை. முதல் வாரம் முழுதும் என் தொடையில் குத்திவிட்டு, சமையலறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதுவிட்டு வருவாள். அவளை நான் குறை சொல்லவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று காரணமே இல்லாமல் வந்து தலையில் விழுந்தது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அப்பா மட்டும் பம்பு பார்க்கப் போவதாகச் சொல்லி அவ்வப்போது அக்கா வீட்டுக்குப் போய்வருவார். செவலைப் பசுவின் வழியில் வந்த கறவையையும் கன்றையும் அயித்தை விற்றுவிட்டாள் என்பதை அவர்தான் ஒருநாள் சொன்னார். அம்மா தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தவள் கை நிற்காமல் வைத்து முடித்தாள். 

நான் பெரியமனுஷி ஆனபோது வீட்டில் சடங்கு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் முதல் தண்ணீர் ஊற்றுவது அயித்தைமுறை உள்ளவர்கள்தான். யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது அவர்களுக்கு உள்ள உரிமை. அப்பா போய்க் கூப்பிட்டிருக்கிறார். அயித்தை பட்டுச்சேலை, பூ, பழத்தட்டோடு வந்து சேர்ந்தாள். வெகுநாள் கழித்து அவளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பலகையில் உட்காரவைத்துவிட்டதால் எழுந்து ஓட முடியாது. அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். யாரோ மஞ்சள்தண்ணீர்ச் செம்பை அவள் கையில் கொடுத்தார்கள்.

"அதைச் சின்னம்மாகிட்டக் குடுங்க" என்றாள் அம்மா, அப்பாவுக்குத் தம்பி முறை ஆகிறவரின் மனைவியைக் காட்டி.

"ஏன்? அக்கா இருக்கையில சின்னம்மா எதுக்கு?" என்றார் அப்பா.

"புள்ளைக்கு அவுக ஊத்துனதே போதும்."

அங்கே இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அயித்தை செம்பைத் தரையில் வைத்தாள். தண்ணீர் தளும்பக்கூட இல்லை, அவ்வளவு மெதுவாக வைத்தாள். கொண்டுவந்த தட்டை என் காலடியில் நகர்த்திவிட்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கை நனைக்காமல் போகிறாளே என்று இரண்டு பேர் பின்னாலேயே ஓடினார்கள். அப்பாவும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார். நான் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் உடம்புக்கு வந்த ஒன்றுக்காக இன்னொருத்தி அவமானப்பட்டுப் போகிறாள் என்பது மட்டும் அந்த வயதிலும் எனக்குப் புரிந்தது.

அன்றைக்குச் சாயந்திரம் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள். அப்பா கோபப்பட்டு நான் பார்த்தது அபூர்வம்.

"மூணு மாசப் புள்ள. தாய்ப்பால் இல்ல. டப்பாப்பால் வாங்க அவகிட்ட என்ன இருந்துச்சு? வேற என்னத்தக் குடுத்திருக்கணுங்குற? நீயே சொல்லு."

அம்மா சடங்குப் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள். பிறகு, "எனக்குத் தெரியாது. எம்புள்ள தெனமும் குத்திக்கிட்டு நிக்கிறா. அதுக்கு யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லணும்ல?" என்றாள்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி குடியிருந்தது. யார் வந்தாலும் அதற்கு ஆளுக்கொரு பதில் கொண்டுவருவார்கள். கர்ப்பத்தில் அம்மா வெல்லம் போட்ட கந்தரப்பம் அதிகம் தின்றாள் என்பார் ஒருவர். தடுப்பூசி என்பார் இன்னொருவர். கடைத்தெருப் பரோட்டா, கோழிக்கறி, உரம் போட்ட அரிசி என்று பட்டியல் நீளும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். முடிவில் பாலுக்கே வந்து நிற்பாள்.

நான் படித்து, பள்ளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் ஊசி, டப்பாவில் அளந்து வைத்த சோறு, பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம், பஸ். அது பழகிவிட்டது. பழகாதது அயித்தை இல்லாத வீடுதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்பா மட்டும் போய்வருவார். என்னைக் கூட்டிப்போக அவருக்கும் துணிச்சல் வரவில்லை. திரும்பிவந்து என்னிடம் மட்டும் தனியாக, "உன்னையத்தான் கேட்டா" என்பார்.

ஒருநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அயித்தை தலைவிரிகோலமாக வந்து சேர்ந்தாள். சாவு வீட்டில் வருகிற பெண்கள் ஒவ்வொருத்தரும் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுவது வழக்கம். ஜென்மப் பகையாளிகள்கூடக் கட்டி அழுவார்கள். அம்மா அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். அயித்தை வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். இரண்டு பேரும் அவரைத்தான் பார்த்து அழுதார்களே ஒழிய ஒருவரை ஒருவர் தொடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருஷம் போக்குவரத்தாக இருந்த மனிதர் நடுவிலேயே கிடந்தார்.

எனக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. வந்த வரன்களெல்லாம் ஊசியைக் கேள்விப்பட்டதும் திரும்பிப் போக, எல்லாம் தெரிந்தே ஒருவர் கட்டிக்கொண்டார். கர்ப்பமானதும் மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் பார்த்தோம். சர்க்கரை அளவைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"பிள்ளைக்கும் வருமா?"

"மத்தப் பிள்ளைங்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். ஆனா பெரும்பாலும் வர்றதில்ல."

"பசும்பால் குடுத்தா வரும்னு சொல்றாங்களே?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு காலத்துல அந்தச் சந்தேகம் பலமா இருந்துச்சு. பிறந்ததுலேருந்து பாலை மாத்திக் குடுத்து, வருஷக்கணக்கா அந்தப் பிள்ளைங்களைப் பார்த்தாங்க. வித்தியாசம் ஒண்ணும் தெரியல. சாப்பாட்டுக்குப் பங்கே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன், இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. கைக்குழந்தைக்குப் பசும்பால் வேணாம்னு நாங்க சொல்றதுக்கு வேற காரணங்கள் இருக்கு. ஆனா ஒருத்தருக்கு இந்த வியாதி வந்ததுக்கு இந்தப் பால்தான் காரணம்னு கை நீட்ட முடியாது. யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

நான் வெளியே வந்து அழுதேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே கணவரோடு அயித்தை ஊருக்குப் போனேன்.

அயித்தைக்கு முதுகு கூன் விழுந்திருந்தது. மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து என் வயிற்றைப் பார்த்தாள். "வா ஆத்தா. இங்குட்டு ஒக்காரு" என்றாள். அவளுடைய மருமகள் எங்களுக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். "எங்க வீட்டுல பால் புழங்குறதில்ல. அத்தை விடமாட்டாக. எம்புள்ளைக ரெண்டும் பால் ருசியே தெரியாம வளந்துச்சுக" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் கோபத்தால் நின்ற பால் இந்த வீட்டில் பயத்தால் நின்றிருக்கிறது. இத்தனை வருஷமும் அயித்தை அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாததற்குக் காரணம் அவள் பொறுமை என்று நினைத்திருந்தேன். அம்மா சொன்னதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள்.

டாக்டரம்மா சொன்னது முழுவதையும் நிதானமாகச் சொன்னேன். நடுநடுவே, "ஒங்கமேல ஒரு தப்பும் இல்ல அயித்த" என்றேன். அவள் என் கையைத் தடவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "நீ படிச்ச புள்ள. என் மனசு தேறணும்னு சொல்ற. நல்லா இருப்ப" என்றாள்.

"இல்ல அயித்த, நெசமாத்தான் சொல்றேன். வேணும்னா அந்த டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன்."

"வாயில சங்கை வச்சு ஊத்துனது நாந்தான ஆத்தா? வேற யாரு?"

அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. மருந்து என்ன, சாப்பாடு என்ன, எத்தனாவது மாதம் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். அந்தச் செய்தி வந்து சேர ரொம்பக் காலம் ஆகிவிட்டது. இடைப்பட்ட வருஷங்களில் அவள் மனதில் வேறொன்று காய்த்துப்போயிருந்தது.

அம்மாவிடமும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப எதனாலதான் வந்துச்சாம்?" என்றாள்.

"தெரியலையாம்மா."

"இன்னமுமா தெரியல?"

"இன்னமும்தான்."

கீரையை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை.

எனக்குப் பெண் பிறந்தாள். நல்ல சுகம். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது, நான் கேட்காமலே அம்மா, "காளையார்கோவில் போயிட்டு வருவமா?" என்றாள். போனோம். பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டாள். அயித்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "வா" என்றாள். "நல்லா இருக்கீகளா மதினி?" என்று அம்மா கேட்டாள். மழை இல்லாதது, மூட்டுவலி, யார் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேசினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ்ஸில் சந்தித்தால் பேசுவார்களே, அது மாதிரி. நான் எதிர்பார்த்த வார்த்தை அம்மா வாயிலிருந்து வரவே இல்லை. பிறகு அவளே என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்து அயித்தை மடியில் வைத்தாள்.

அயித்தை பதறிவிட்டாள். "வேணாம், வேணாம், நான் இப்பிடியே பாத்துக்கிறேன்" என்று இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள். பிள்ளையைத் தொடவில்லை. அது அவள் மடியில் வழுக்கியது. விழுந்துவிடாமல் அம்மா ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.  ஊர் நெருங்கும்போது, "மதினிக்குக் கையெல்லாம் எப்பிடி மெலிஞ்சுபோச்சு பாத்தியா?" என்றாள். நான் பார்த்தேன் என்றேன். முந்தானையால் பிள்ளையின் முகத்தில் விழுந்த வெயிலை மறைத்துக்கொண்டு அவள் வெளியே பார்க்கத் தொடங்கினாள்.